அவள் இடிக்காத கார்

வண்டி வாங்கப் பணம் சேர்க்கப் பொடிசுக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதற்கு இன்சூரன்ஸ் எடுப்பது ஒரு மதிய இடைவேளைக்கான வேலை என்று அவள் நினைத்திருந்தாள்.

வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, உயரமும் ஐந்தடியைத் தொடவில்லை என்பதால் வந்த பெயர் பொடிசு. இன்னும் ஒரு மாதத்தில் பத்தொன்பது வயது ஆகப்போகிறது. பெயர் மட்டும் வளரவில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடியும் தறுவாயில் சூப்பர்வைசர் அவளையும் அவளோடு சேர்ந்த நெட்டையையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"முதல் தேதியிலேர்ந்து உங்க ரெண்டு பேரையும் ஃபீல்டுக்கு அனுப்பப் போறேன். எங்க லிஃப்ட் நின்னாலும் அரை மணி நேரத்துல அங்க இருக்கணும். சொந்த வண்டி, லைசென்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர். மூணும் என் மேஜைக்கு வரணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்டோர் ரூம்தான்."

ஸ்டோர் ரூம் என்றால் தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. கதவு உருளைகளையும் போல்ட்டுகளையும் எண்ணிப் பெட்டியில் போட்டு மேலே சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே போனவர்கள் திரும்பி வருவதைக் கம்பெனியில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

லைசென்ஸ் அவளிடம் இருந்தது. பதினேழு வயதிலேயே எழுதித் தேறி, ஓட்டிக் காட்டி வாங்கியது. வண்டியும் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற ஒரு பாட்டு வாத்தியாரிடமிருந்து வாங்கிய சின்ன இன்ஜின் பைக். சீட்டுக் கிழிசலுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, மற்றபடி கேட்டால் உடனே உறுமியது. மூன்றாவது காகிதத்துக்காகத்தான் அன்று மதியம் ஒரு குடியிருப்பின் ஆறாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு காதில் ஃபோனும் மறு காதில் விரலுமாக இருந்தாள்.

"மறுபடி சொல்லுங்க."

ஃபோனில் இருந்த பெண் மறுபடி சொன்னாள்.

"அது வண்டி விலை மாதிரி இருக்கே. நான் கேட்டது ஒரு வருஷ இன்சூரன்ஸ்."

"ஒரு வருஷத்துக்குத்தான் மேடம்."

"நான் வண்டிய வாங்குனதே இதவிடக் கம்மிக்குங்க."

"வயசு காரணமா அப்படி வருது மேடம். இருபத்தஞ்சு தாண்டிட்டா குறையும்."

"அதுவரைக்கும் வண்டிய என்ன பண்றது? துணி காயப்போடவா?"

"ஃபார்ம் அனுப்பட்டுமா மேடம்?"

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அவள் வண்டிக்கும் அதே கணக்குதான்.

அடுத்த நான்கு நாட்களில் ஐந்து கம்பெனிகளைக் கேட்டாள். எல்லா இடத்திலும் ஒரே கூத்து. பெயர், வயது, வண்டி, எங்கே நிறுத்துவீர்கள், இதுவரை விபத்து உண்டா என்று வரிசையாகக் கேட்பார்கள். இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே போவாள். ஒரு தொகை வரும். பல்லைக் கடித்துக்கொண்டால் கட்டிவிடலாம் போலத்தான் இருக்கும். கடைசியாக லைசென்ஸ் எண்ணை அடித்ததும் திரை ஒரு முறை சுற்றிவிட்டு, அந்தத் தொகையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கிக் காட்டும். ஏன் என்று கேட்டால், "சிஸ்டம் காட்டுற தொகை அதுதான்" என்பார்கள். சிஸ்டத்திடம் யார் கேட்பது என்று கேட்டால், காத்திருங்கள் என்று இசை போடுவார்கள். அந்த இசை அவளுக்குத் தூக்கத்திலும் கேட்கத் தொடங்கியது.

நெட்டை எல்லாக் காகிதத்தையும் முதல் வாரமே சூப்பர்வைசர் மேஜையில் வைத்துவிட்டான். அவன் கட்டியிருந்ததைக் கேட்டபோது பொடிசுக்கு வயிறு எரிந்தது. அவளுக்குக் கேட்டதில் பாதிகூட இல்லை.

"உனக்கும் பதினெட்டுதானே?"

"ஆமா."

"உன் வண்டி என் வண்டியவிடப் பெருசு."

"ஆமா."

"நீ மூணு தடவை விழுந்திருக்கே. ஒரு தடவை தபால் பெட்டி மேலயே."

"அது யாருக்கும் தெரியாதுல்ல?" என்றான் நெட்டை. பிறகு கொஞ்சம் யோசித்து, "உன் பேர்ல ஏதோ கோளாறு இருக்கு பொடிசு. ஃபோன்ல கேட்டா சொல்ல மாட்டாங்க. நான் எடுத்த ஏஜென்ட்கிட்டப் போய்ப் பாரு" என்றான்.

ஏஜென்டின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேஜையில் இருந்த பேனாக்கள் நடுங்கின. அவர் அவளுடைய லைசென்ஸ் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"விபத்த மறைச்சுட்டு வந்திருக்கியேம்மா."

"என்ன விபத்து?"

"எங்கிட்டயே கேக்குறியா? போன வருஷம் ஏழாவது மாசம் ஒன்பதாம் தேதி. நிறுத்தியிருந்த கார்ல போய் இடிச்சிருக்கே. லைசென்ஸ் வாங்கி முழுசா மூணு வாரம்கூட ஆகல. கார்க்காரருக்கு ரெண்டு கதவு மாத்திக் குடுத்திருக்காங்க."

"நான் யாரையும் இடிக்கல."

"யாரையும் இடிக்கல, சரி. காரைத்தான் இடிச்சிருக்கே."

"சார், லைசென்ஸ் வாங்குன பிறகு போன வாரம் வரைக்கும் நான் ரோட்டுல வண்டியே ஓட்டல. எங்கிட்ட வண்டியே இல்ல."

ஏஜென்ட் நாற்காலியில் சாய்ந்தார். "இங்க வர்ற பசங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. தப்பில்ல, வயசு அப்படி. ஆனா மறைச்சு எடுத்தா நாளைக்கு ஒண்ணுன்னா ஒத்தக் காசு வராது. உண்மையச் சொல்லி எடுத்தா இந்த ரேட்டுதான். வேணும்னா எழுதுறேன்."

பொடிசு எழுந்தாள். நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினாள். கீழே இறங்கும்போது, யாரோ ஒருவர் எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள், அதைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

விபத்துப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியின் அலுவலகம் பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தது. முதல் நாள் போனபோது டோக்கன் எண்பத்து நான்கு. எழுபத்தொன்பதில் சாப்பாட்டு நேரம் என்று ஜன்னலை மூடினார்கள். சூப்பர்வைசரிடம் அரை நாள்தான் விடுப்புக் கேட்டிருந்தாள், திரும்பி வந்துவிட்டாள். இரண்டாம் நாள் மூன்றாவது ஜன்னலுக்கு முன்னால் நிற்க முடிந்தது. ஜன்னல் உயரத்துக்கு அவள் நெற்றி மட்டும்தான் எட்டியது. உள்ளே வேலை பார்க்கும் அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்து, "பெரியவங்க யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நான்தான் பெரியவங்க."

ஃபைலின் நகல் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும், அடையாள அட்டை நகல் வைக்க வேண்டும், வியாழக்கிழமை வர வேண்டும் என்றாள். அடையாள அட்டையை நகலெடுக்கும் கடை தெருமுனையில் இருந்தது. போய் வருவதற்குள் டோக்கன் செல்லாமல் போனது. புது டோக்கன் நூற்றுப் பதினொன்று.

வியாழக்கிழமை நகல் கிடைத்தது. நான்கு தாள்கள். அலுவலகப் படியிறங்கும் முன்பே நின்று படித்தாள்.

வண்டி எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டு ஸ்கூட்டர். அம்மாவின் பெயரில் இருந்தது, அண்ணன் பொருள் டெலிவரி செய்ய ஓட்டிக்கொண்டிருந்தது. போன வருடக் கடைசியில் விற்றாயிற்று. ஓட்டியவர் என்ற இடத்தில் பொடிசின் முழுப்பெயர். கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று அம்மாவுடையது. மற்றொன்றில் பொடிசின் பெயர் இருந்தது, கடைசி எழுத்துக்கு நீளமாக ஒரு வால் இழுத்து. பள்ளியில் படித்த காலம் முழுவதும் அவளுடைய நோட்டு அட்டைகளில் அதே வாலோடுதான் அண்ணன் அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தான். எழுத்து அழகாக இருக்கும் என்று அவள்தான் ஒவ்வொரு வருடமும் கெஞ்சி எழுத வைப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நாளைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் அவளுக்கு வேலை. அண்ணன் தரையில் உட்கார்ந்து ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பொடிசு நான்கு தாள்களையும் இஸ்திரி மேஜை மேல் வைத்தாள்.

அம்மா முதல் தாளைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது எதுக்குடி இப்போ?"

"எதுக்கா? நான் எந்தக் காரை இடிச்சேன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. கண்ணாடியில் இல்லாத கறையை அழுத்தித் துடைத்தான். பிறகு அவனே சொன்னான். அப்போது அவன் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்திருந்தார்கள்; ஓட்டிக்கொண்டே ஃபோன் பேசியதற்காக. ஆனாலும் வேலைக்குப் போனான். போகாவிட்டால் வேலை போயிருக்கும். மழை பெய்த நாள், திருப்பத்தில் சறுக்கி, ஓரமாக நின்ற காரில் போய் விழுந்தான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் பணமும் வராது, லைசென்ஸும் திரும்பி வராது.

"வீட்டுல லைசென்ஸ் வெச்சிருந்தது நீ ஒருத்திதான்," என்றான்.

"அப்பாவும் வெச்சிருக்கார்."

"அப்பா பேரப் போட முடியுமாடி?" என்றாள் அம்மா. "அவர் ஓட்டுறது பஸ்ஸு. ஒரு கீறல் ரெக்கார்டுல வந்தாலும் டெப்போல கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க. நீ அப்போ வண்டியே ஓட்டல. சும்மா கிடக்குற பேருதானேன்னு…"

"சும்மா கிடக்குற பேரா?"

"கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நான் ஒரு வாரமா ஊர் முழுக்கப் பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு வர்றேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவியே, அது எங்கூட ஒரே வீட்டுல உக்காந்து ஹெல்மெட் துடைச்சுட்டிருக்கு."

அண்ணன் எழுந்தான். சமாதானம் பேசுகிற குரலில், "இதுக்கு ஒரு வழி இருக்கு. வண்டிய என் பேர்ல மாத்திடு. எனக்கு இருபத்தாறு, என் ரெக்கார்டுல விபத்தே இல்ல. இன்சூரன்ஸ் உனக்குக் கேக்குறதுல மூணுல ஒரு பங்குதான் வரும்" என்றான்.

பொடிசு சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததற்காகவும் கோபம் வந்தது.

"உன் ரெக்கார்டு ஏன் சுத்தமா இருக்கு தெரியுமா?"

"தெரியும். அதான் உதவி பண்றேங்கிறேன்."

"ரெண்டு பேர்ல யார் பேரா இருந்தா என்னடி? வண்டி வீட்டுலதானே நிக்கப் போகுது," என்றாள் அம்மா.

"அம்மா, வண்டி ஓட்டப் போறது நான். அவன் பேர்ல எடுத்துட்டு நான் எங்கயாவது மோதினா மறுபடி ஒரு பொய் சொல்லணும். என் பேர்ல இருக்குறத எடுங்க. நாளைக்கே."

நாளைக்கு அம்மாவுக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் மருத்துவர் வெளியூர் போகிறார், வரவேற்பில் ஆள் வேண்டும். அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பொடிசு தனியாகப் போய் மூன்றாவது ஜன்னலில் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் அம்மா இந்த முறை எழுந்து வெளியே வந்து, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. பாலிசி யார் பேர்ல இருந்துச்சோ, அதாவது உங்க அம்மா, வந்து உண்மைய எழுதிக் குடுத்தா ஃபைலத் திறந்து திருத்துவோம். குடுத்த பணத்தத் திருப்பிக் கட்டணும். இல்லன்னா நீ இந்தப் படிவத்துல, இது என் கையெழுத்தே இல்லன்னு புகார் குடுக்கலாம். அது எங்க கையில நிக்காது. போலீஸுக்குப் போகும்."

"நான் எதுவும் செய்யலன்னா?"

"இன்னும் நாலு வருஷம் உன் பேர்லயே இருக்கும்."

படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அந்த வாரம் முழுவதும் ஏதாவது ஒரு வேலை இருந்தது. அண்ணன் அவள் எழும் முன்பே கிளம்பி, அவள் தூங்கிய பிறகு வந்தான். முதல் தேதி வந்தது. நெட்டை கம்பெனிச் சட்டை போட்டு, வண்டியில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். சூப்பர்வைசர் பொடிசிடம் ஸ்டோர் ரூம் சாவியை நீட்டினார்.

அங்கே முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு கதவு உருளைகளை எண்ணினாள். இருநூறு வந்தபோது மேலே யாரோ கூப்பிட்டதில் கணக்கு விட்டுப்போய், ஒன்றிலிருந்து தொடங்கினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா ஓட்டும் பேருந்தின் தடம் அவளுக்குத் தெரியும். பாலத்தடி நிறுத்தத்தில் நின்று, அவர் பேருந்து வந்ததும் டிக்கெட் எடுத்து ஏறி, கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவர் அவளைப் பார்த்தார். ஓட்டும்போது பேச மாட்டார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "என்ன பொடிசு, டிக்கெட் எடுத்து அப்பாவப் பாக்க வந்திருக்கே?"

அவள் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள்; உருளை எண்ணியதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். அப்பா சட்டையில் இருபத்திரண்டு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகக் கொடுத்த சின்ன வில்லை இருந்தது.

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல," என்றார். பிறகு, "இதுல நான் கையெழுத்துப் போட எதுவும் இல்ல. நான் போய் அதட்டினா அவங்க எனக்குப் பயந்து வருவாங்க. அது வேண்டாம். நாளைக்கு எனக்கு லீவு, நான் வீட்டுல இருப்பேன். இப்போ எங்கிட்டச் சொன்னத அப்படியே அவங்க முன்னாடி சொல்லு" என்றார்.

அவளுக்கு அது போதவில்லை. அப்பா எழுந்து வந்து எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் முடித்துவிடுவார் என்றுதான் அவள் டிக்கெட் எடுத்திருந்தாள். திரும்பும் நேரம் ஆகிவிட்டது என்று அவர் இன்ஜினை உசுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் நால்வரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பொடிசு இரண்டு வழிகளையும் சொன்னாள். பிறகு புகார்ப் படிவத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். கையெழுத்துக்கான இடம் தவிர எல்லாம் நிரப்பியிருந்தது.

"வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் அங்க இருப்பேன். நீங்க வந்தா அம்மா எழுதிக் குடுக்கலாம். வரலன்னா இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன்."

அண்ணன் படிவத்தை இழுத்துப் படித்தான். "கூடப் பொறந்தவனப் போலீஸ்ல மாட்டி விடுவியா?"

"நீ என்னை மாட்டி விட்டப்போ எனக்குத் தெரியவே தெரியாது. நான் உனக்கு ஆறு நாள் முன்னாடியே சொல்றேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன்."

அப்பா மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நிறுத்தியிருந்த வண்டியிலயா இடிச்சே?"

"மழைப்பா. சறுக்கிடுச்சு."

"ஓடுற வண்டின்னாகூட ஒரு நியாயம் இருக்கு. நின்னுட்டிருந்த வண்டிடா அது." உண்மையாகவே அவருக்கு அதுதான் தாங்கவில்லை என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டோக்கன் எடுத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்தேகால் ஆனது. பத்தரை ஆனது. அவளுடைய எண்ணைக் கூப்பிட்டபோது பின்னால் இருந்தவருக்கு வழி விட்டாள். இன்னொரு முறையும் விட்டாள். படிவத்தை எடுத்து மடியில் வைத்து, பேனா மூடியைத் திறந்தாள். போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதையும் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போவதையும் நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க வைத்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அம்மா வந்தாள், வேலைக்கான வெள்ளைக் கோட்டோடு. அவளுக்குப் பின்னால் அண்ணன். இருவரும் பொடிசின் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

அம்மா நின்றபடியே எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். எத்தனையோ நோயாளிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்த கை. மூன்றாம் ஜன்னல் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, கொடுத்த பணத்தைப் பத்துத் தவணையாகத் திருப்பிக் கட்டலாம், லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் போகும், மேற்கொண்டு அவர்கள் முடிவு செய்வார்கள் என்றாள். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்றான்.

"என் பேர் எப்போ சரியாகும்?" என்று கேட்டாள் பொடிசு.

"நாப்பத்தஞ்சு நாள் ஆகும்மா. வேலை நாள்."

தப்பாக எழுத ஒரு நாள் போதுமாக இருந்தது. திருத்த நாற்பத்தைந்து. அதை அவள் சத்தமாகவே சொன்னாள். மூன்றாம் ஜன்னல் அம்மா அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள்.

அந்த நாற்பத்தைந்து நாளும் அவள் உருளை எண்ணினாள். வாரம் ஒரு முறை ஃபோன் போட்டு, அந்த இசையைக் கேட்டு, "ஃபைல் போயிட்டிருக்கு" என்ற பதிலை வாங்கினாள். அண்ணனின் லைசென்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். டெலிவரி வேலை போய், கிடங்கு ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலையில் சேர்ந்தான். பேருந்தில் போய் வந்தான். பொடிசோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா பேசினாள், ஆனால் சாப்பிட்டாயா, கதவைச் சாத்து என்பதற்கு மேல் இல்லை. தப்பு செய்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, தான் ஏன் வீட்டுக்குள் அடிமேல் அடி வைத்து நடக்கிறோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அப்படித்தான் நடந்தாள். கிடங்கிலிருந்து அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், சுடுதண்ணீர்ப் பையை நிரப்பி அவன் படுக்கையில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் அது காலியாக, கழுவிய நிலையில் சமையலறையில் இருந்தது.

பத்தாவது வாரம் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போனாள். ஏஜென்ட் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் நம்பலம்மா."

"தெரியும் சார்."

"தப்புதான்." அவர் பேனாவை எடுத்தார். "உக்காரு. எப்படிக் குறைக்கலாம்னு பாப்போம். ராத்திரி எங்க நிறுத்துவே?"

கம்பெனியின் பூட்டிய அடித்தளத்தில் நிறுத்தலாம் என்று சூப்பர்வைசரிடம் எழுதி வாங்கினாள். பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சி ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சான்றிதழ் கொண்டு வந்தாள். அங்கே மற்றவர்கள் எல்லாம் நாற்பது வயதுக்காரர்கள். சின்னச் சேதம் வந்தால் முதல் பங்கை நானே கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் ஏஜென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கடைசியில் ஒரு தொகைக்குக் கீழே கோடு போட்டார். முதலில் கேட்டதில் பாதி. இருந்தாலும் நெட்டை கட்டியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

"அவனுக்கு மட்டும் எப்படி சார் கம்மி? சான்றிதழ்கூட இல்ல அவன்கிட்ட."

"அவன் மூணு மாசம் முன்னாடி எடுத்தான். போன மாசம் எல்லாக் கம்பெனியும் ரேட்ட ஏத்திட்டாங்க."

பொடிசு பர்ஸைத் திறந்தாள். பணத்தைக் கட்டினாள்.

மறுநாள் மூன்று காகிதங்களும் சூப்பர்வைசர் மேஜைக்குப் போயின. அவர் இன்சூரன்ஸ் தாளை மட்டும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டோர் ரூம் சாவிக்காகக் கையை நீட்டினார். மத்தியானத்துக்குள் முதல் அழைப்பு வந்தது. ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நின்ற லிஃப்ட். உள்ளே இரண்டு பேரும் ஒரு மெத்தையும். இருபத்திரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். கதவு உருளை ஒன்று தேய்ந்து வழி மாறியிருந்தது. பெட்டியில் எந்த அளவு உருளை எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடிந்தது. வெளியே வந்த மெத்தைக்காரர், "சின்னப் பொண்ணா இருக்கியே, மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்டார். அவள் ரசீது எழுதி நீட்டினாள்.

சாயங்காலம் முதல் முறையாக வேலையிலிருந்து வண்டியிலேயே வீட்டுக்கு வந்தாள். உடை மாற்றிக்கொண்டு, ராத்திரிக்கு அதைக் கம்பெனியில் விட்டுவிட்டு வரலாம் என்று வாசலில் நிறுத்தினாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து அண்ணன் நடந்து வந்துகொண்டிருந்தான். சட்டை முழுவதும் அட்டைப் பெட்டித் தூசி. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான். கறுப்பு டேப் ஒட்டிய சீட்டைப் பார்த்தான். கீழே குனிந்து பார்த்தான்.

"செயின் தொளதொளன்னு கிடக்கு," என்றான். இரண்டரை மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"தெரியும்," என்றாள் பொடிசு.

அவன் தலையசைத்துவிட்டு உள்ளே போனான். அவளுக்குத் தெரியாது. கதவு மூடும் வரை காத்திருந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு விரல் அளவுக்கு ஆடியது. அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது. பெட்டியைத் திறந்து ஸ்பானரைத் தேடினாள்.